எச்பி, ஸ்டேஜ், கேடிஎம்: நுகர்வோர் கேள்வி-பதில்

மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர். போரில் 5 எச்பி நீர்மூழ்கி மோட்டார். இரண்டு வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. கடையில் "7.5 எச்பி, 60 மீட்டர் ஹெட் போடுங்கள், தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். எச்பி கூடினால் தண்ணீர் கூடும் என்பது போரில் அவ்வளவு தண்ணீர் ஊறினால்தான் உண்மை. உங்கள் காயில் எரிந்ததற்கே ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்) பொருந்தாததுதான் காரணமாக இருக்கக்கூடும்.

முதலில் உங்களுக்கு வேண்டிய ஹெட்டைக் கணக்குப் போடுங்கள். கோடையில் மோட்டார் ஓடாதபோது தண்ணீர் 25 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய கையோடு அளந்தால் இன்னும் 15 அடி இறங்கியிருக்கிறது. தொட்டி வாய் தரையிலிருந்து 5 அடி. பைப் உராய்வுக்கு 10 அடி. ஆக 55 அடி, அதாவது சுமார் 17 மீட்டர். மலையடிவாரத்து ஆழ்துளைக்குச் செய்த 60 மீட்டர் பம்பை இங்கே இறக்கினால் எதிர்ப்பு இல்லாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும். அப்போது மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் பெயர்த்தகட்டில் உள்ளதைத் தாண்டும். ஆம்ப்ஸ் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே ட்ரிப் ஆகும். "அடிக்கடி நிற்கிறதே" என்று ரிலேயைக் கூட்டி வைத்தால் காயில் போகும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல் மணல். நம் நிலத்தடி வண்டலும் நுண்மணலும்தான். ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் ஃபில்டர் பைப் வழியாக மணல் ஏறி, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைத் தேய்க்கும், போரின் அடியும் தூர்ந்து போகும்.

பெயர்த்தகட்டில் ஹெட் ஒரு வரம்பாக அச்சிட்டிருக்கும். உங்கள் 17 மீட்டர் அந்த வரம்பின் நடுவில் விழும் பம்பைக் கேளுங்கள், 5 எச்பியே போதும். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 8034 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டாரைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். விவசாய இணைப்புக்கு இங்கே கட்டணம் இல்லை, அந்த ஸ்டார் உங்கள் பையைத் தொடாது. இணைப்பு எத்தனை எச்பிக்கு வாங்கியதோ அதைத் தாண்டுவதானால் மின்வாரியத்திடம் முதலில் கேட்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தை டெலிவரி பைப்பில் போடுங்கள். அதே அளவு தண்ணீர் 2 அங்குலத்துக்குப் பதில் இரண்டரை அங்குலக் குழாயில் போனால் உராய்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகக் குறையும். வேறெந்தச் செலவிலும் இவ்வளவு ஆதாயம் இல்லை. பேனல் போர்டில், ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் கட்டாயம் இருக்கட்டும்.

மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் நகை எடுக்கிறோம். "கேடிஎம் நகை" என்று ஒரு கடையில் அழுத்திச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் கிராமுக்கு 20 ரூபாய் குறைவு. எதைப் பார்ப்பது?

இரண்டையும் விடுங்கள். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்றாசு. அது தரத்தின் பெயரே அல்ல. அதன் புகை பொற்கொல்லரின் நுரையீரலுக்குக் கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோண முத்திரை, 22 காரட் தரத்தைக் காட்டும் 22கே916, நகைக்கு நகை மாறும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி. கடையில் நிற்கும்போதே 'பிஐஎஸ் கேர்' செயலியில் எச்யுஐடியைத் தட்டிப் பாருங்கள். அங்கே வருவதும் கையில் இருப்பதும் ஒரே வகை நகையா, வளையல் என்று வந்து கையில் சங்கிலி இருக்கிறதா என்று கவனியுங்கள். முத்திரையில் சொன்னதைவிடத் தரம் குறைவு என்று பின்னால் தெரிந்தால், குறைந்த அளவுக்கான மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற பிஐஎஸ் விதியில் இடம் உண்டு. அதற்கு பில் வேண்டும். மதிப்பீட்டுச் சீட்டு உதவாது.

விலை வித்தியாசத்துக்கு வருவோம். மூன்று பவுன் 24 கிராம். கிராமுக்கு 20 ரூபாய் என்றால் மொத்தம் 480 ரூபாய். அதே நகைக்கு ஒரு கடை 14 சதவீதமும் இன்னொன்று 9 சதவீதமும் சேதாரம் போட்டால் வித்தியாசம் 1.2 கிராம் தங்கம். அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். 480 ரூபாய்க்காக ஊர் முழுக்க அலைந்தவர்கள் இந்த 1.2 கிராமைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். பேரம் பேச வேண்டிய இடம் செய்கூலியும் சேதாரமும். கல் வைத்த நகையானால் கல்லின் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியாக இருக்க வேண்டும்.

வேதாரண்யத்தில் வீடு. ஒன்பது ஸ்டேஜ் ஆர்ஓ விற்க வந்தவர், எங்கள் குழாய்த் தண்ணீரில் கம்பி வைத்துக் கரண்ட் கொடுத்ததும் பழுப்பாகப் பொங்கியது. அவர் மெஷின் தண்ணீர் தெளிவாகவே நின்றது. பயமாக இருக்கிறது.

பொங்கியது தண்ணீரின் அழுக்கு அல்ல, அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பியின் துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அவ்வளவாகப் பாயவில்லை. அடுத்த முறை வந்தால் அவருடைய தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனாவால் நீங்களே அளக்கலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடாகி, பேனா 500க்குள் காட்டினால் ஆர்ஓ வேண்டாம். காய்ச்சிக் குடியுங்கள், அல்லது கிருமியைக் கொல்லும் யுவி கருவி போதும். பேனா கிருமியைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். கடலோரத்து உவர் போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஆர்ஓ வாங்கத்தான் வேண்டும். குடிக்க ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும், பாத்திரம் கழுவப் பிடித்து வையுங்கள்.

ஒன்பது ஸ்டேஜில் உப்பை எடுப்பது மெம்பிரேன் என்ற சவ்வு ஒன்றுதான். தாமிரம், ஆல்கலைன் என்று சின்னச் சின்னக் குப்பிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். மாற்று மெம்பிரேனின் விலை என்ன, மாட்டிவிட ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்று கேளுங்கள். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் கலங்கி வரும் மாதங்களில் முன்வடிகட்டியைச் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

மயிலாடுதுறை: ஐந்து ஸ்டார் ஃபிரிட்ஜுக்கு 5,000 ரூபாய் கூட. கொடுக்கலாமா?

ஸ்டாரை எண்ணாமல், லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டைப் பாருங்கள். ஒன்று 250, மற்றது 190 என்றால் வருடத்துக்கு 60 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றே வைத்தாலும் 360 ரூபாய். 5,000 திரும்பி வர பதினான்கு வருடம் ஆகும். ஏசி என்றால் பதில் வேறு, அங்கே ஸ்டார் காசு மிச்சம் பண்ணும்.

பித்தளை ஃபில்டரில்தான் டிகிரி காபி வருமா?

எவர்சில்வரிலும் வரும். பித்தளை வாங்கினால் உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கட்டும். ருசி தூளில் இருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவைப் பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். ரொம்ப மாவாக அரைத்தால் டிகாஷன் சொட்டாது, கொரகொரப்பென்றால் தண்ணீராக ஓடிவிடும். நூறு நூறு கிராமாக வாங்குங்கள்.