காட்டுக்குள் ஓடும்போது கடிகாரம் எதற்கு?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்து இன்றுவரை, வாரத்துக்கு ஒரு நாளாவது அங்கே போகாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

*அக்கா, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவேன். மெக்ரிட்சியில் ஒரு முழுச் சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு தளர்ந்துவிட்டதா?*
– வாசகி, தோ பாயோ

தங்கையே, உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு இடங்களையும் ஒரே தராசில் வைத்ததுதான் தவறு.

ஈஸ்ட் கோஸ்டில் தரை சமதளம், கடற்காற்று முகத்தில் வந்து மோதும். மெக்ரிட்சி முழுச் சுற்றோ ஏறத்தாழ 11 கி.மீ. செம்மண், சரளைக் கல், மழைநீர் அரித்த குழி, பாதையின் குறுக்கே பாம்புகளாகப் படுத்திருக்கும் வேர்கள் எல்லாம் உண்டு. மர நிழல் இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் அடர்ந்த காட்டுக்குள் காற்று அசைவதில்லை. காற்று ஈரத்தில் ஊறியிருப்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதே வேகத்துக்கு இங்கே இதயம் இன்னும் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு லோர்னி பாதையில் தொடங்குவேன். தொடக்கத்தில் கால்கள் சூடேறும்வரை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான். கோல்ஃப் திடலை ஒட்டிய பகுதியைக் கடந்து ஜெலுத்தோங் கோபுரத்துக்கு வந்ததும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். ஏழு மாடி உயரமுள்ள கோபுரம் அது. நேரம் இருந்தால் மேலே ஏறிக் காட்டின் தலையைப் பார்ப்பேன். பிறகு வனக்காவலர் நிலையம், அங்கிருந்து இயற்கைப் பாதை வழியாகத் திரும்புவேன். இந்தக் கடைசிப் பகுதியில்தான் கால்கள் சோர்ந்திருக்கும், ஏற்ற இறக்கமும் விடாது. ஏற்றத்தில் கூச்சப்படாமல் நடங்கள். இறக்கத்தில் காலடியைக் குறுக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்குங்கள். பார்வை கால் விரலில் இருக்க வேண்டாம், நான்கைந்து அடி முன்னால் இருக்கட்டும்.

இதை நான் வலியோடு கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், இறக்கம் ஒன்றில் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தேன். ஒரு வேர். கணுக்கால் புரண்டு, இரண்டு கிலோமீட்டர் நொண்டிக்கொண்டு வந்து, ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். அன்று முதல் காட்டுக்குள் கடிகாரத்தைக் கட்டுவதில்லை. உங்களையும் கழற்றி வைத்துவிடச் சொல்கிறேன். எத்தனை நிமிடம் என்று கேட்காமல், எத்தனை முறை மூச்சு வாங்க நின்றேன் என்று மட்டும் மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நீர்க்கரை ஓரமாகப் பலகைப் பாதைகளும் உண்டு. அவை நடப்பவர்களுக்கு உரியவை. மழை நனைத்த பலகை சோப்பு போட்ட தரைக்குச் சமம். அங்கே நான் ஓடுவதே இல்லை.

*அம்மா, மதுரையிலிருந்து பீஷானில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 66. தொங்கு பாலத்தைப் பார்க்க ஆசை. முழங்கால் வலி உண்டு. போகலாமா?*
– வாசகர், பீஷான்

தாராளமாகப் போகலாம் ஐயா, ஆனால் நீர்த்தேக்கத்தின் முன்வாசலிலிருந்து வேண்டாம். போய்த் திரும்பவே அரை நாள் ஆகிவிடும். வீனஸ் டிரைவ் வாகன நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கினால் தூரம் குறைவு. நீங்கள் கேட்கும் தொங்கு பாலமான மர உச்சிப் பாலம் 2004இல் திறக்கப்பட்டது. நீளம் 250 மீட்டர், மிக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு மேடுகளை இணைக்கிறது. ஒருவழிப் பாலம் என்பதால், ஏறிவிட்டால் மறுகரைக்குப் போயே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் படிகள் இருக்கின்றன. உங்கள் முழங்காலுக்கு அந்தப் படிகள்தான் சோதனை. ஊன்றுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மகனையும் உடன் அழைத்துப் போங்கள். பொது விடுமுறையாக இல்லாத திங்கட்கிழமையில் பாலம் மூடியிருக்கும்.

*குரங்கு ஒன்று என் பையைப் பறித்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது. இவற்றை அப்புறப்படுத்தக் கூடாதா?*
– வாசகர், ஈசூன்

அப்புறப்படுத்த வேண்டியது பிளாஸ்டிக் பையைத்தான், தம்பி. அதன் சரசரப்பு கேட்டால் உள்ளே தீனி இருக்கிறது என்று நீளவால் மக்காக்குகள் தெரிந்து வைத்திருக்கின்றன. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். உணவைத் துணிப் பைக்குள் மூடி முதுகில் மாட்டுங்கள். எதிரே வந்தால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஓடாதீர்கள். மெல்ல விலகி நடந்தால் போதும். பரிதாபப்பட்டுத் தீனி போடுபவர்களுக்கு முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான்.

*மெக்ரிட்சி என்பவர் யார்? ஒரு சீன வணிகர் கொடுத்த பணத்தில் கட்டியது என்கிறாரே என் தாத்தா?*
– மாணவி, செங்காங்

தாத்தா சொன்னதில் பாதி உண்மை, மீதிப் பாதி வருத்தமான கதை. மலாக்காவில் பிறந்த வணிகர் டான் கிம் செங், நகரத்து மக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1864இல் அவர் இறந்துவிட்டார். நீர்த்தேக்கம் 1868இல்தான் முடிந்தது. தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோகும் இறைப்பு இயந்திரங்களும் குழாய்களும் தயாராக மேலும் பத்தாண்டு ஆயின. கொடுத்தவர் ஒரு மிடறு குடிக்கவில்லை. 1882இல் அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுப்பினார்கள். இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது, ஒரு நாள் போய்ப் பார்.

ஜேம்ஸ் மெக்ரிட்சி நகராட்சிப் பொறியாளர். 1890களின் முற்பகுதியில் நீர்த்தேக்கத்தை விரிவாக்கியவர். அவருடைய பெயரை 1922இல்தான் வைத்தார்கள். சுற்றியிருந்த காட்டைக் காத்ததும் இந்தத் தண்ணீர்தான். வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்தால்தான் தேக்கத்தில் சேறு சேராது என்பதால் நீர்ப்பிடிப்புப் பகுதியை விட்டுவைத்தார்கள். நாம் ஓடும் நிழல் குடிநீருக்காகக் காக்கப்பட்ட நிழல். ஆகவே குறுக்கு வழி என்று பாதையை விட்டு விலகிப் புதுத் தடம் போடாதே, கண்ணே. மிதிபட்ட மண் இறுகிவிடும், அதில் விதை முளைக்காது.

*ஜப்பானியர் காலத்துக் கோவில் அந்தக் காட்டுக்குள் இருக்கிறதாமே, எப்படிப் போவது?*
– வாசகர், ஜூரோங்

போகக் கூடாது. போர்க் கைதிகளின் உழைப்பில் எழுந்த சியோனான் ஜின்ஜா என்ற அந்த ஷிண்டோ கோவிலை 1945இல் ஜப்பானியர்களே அழித்துவிட்டார்கள். சில கற்கள்தான் மிச்சம். அங்கே அனுமதிக்கப்பட்ட பாதை இல்லை.

*ஓடும்போது இடி இடித்தால்?*
– வாசகி, ஆங் மோ கியோ

முதல் இடியிலேயே திரும்பிவிடுங்கள். கோபுரத்தில் ஏறக் கூடாது, தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த நாளில், வானம் வெளுத்துவிட்டாலும் நான் போவதில்லை. முறிந்த கிளை உடனே விழாது. மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

*வெயில் நேரத்தில் ஓடும்போது காட்டுக்குள் 'டப்' என்று ஏதோ வெடிக்கிறது. என்ன அது?*
– வாசகர், சிராங்கூன்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் தம்பி. அது ரப்பர்க் காய். இந்தக் காட்டின் ஓரங்களில் ஒரு காலத்தில் தோட்டம் போட்டிருந்தார்கள். முதலில் தோல் பதனிட உதவும் காம்பியர்ச் செடியும் மிளகும், பின்னால் ரப்பர். கைவிட்ட தோட்டத்தைக் காடு மூடிக்கொண்டது. ஆனால் சில ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. காய் முற்றி, வெயிலில் உலர்ந்து வெடித்து, விதையைத் தூர எறியும்.

என் அப்பா மலேசியாவின் ஜோகூரில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் தலைவிளக்கோடு போய், மதியம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். நானும் தம்பியும் ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, ஒருவர் கையில் ஒருவர் வைத்துவிட்டு ஓடுவோம். வயதான பிறகு ஒருமுறை அப்பாவை மெக்ரிட்சிக்கு அழைத்துப் போனேன். நான் நூறு தடவை பார்க்காமல் ஓடிக் கடந்த ஒரு மரத்தின் முன் நின்று, பட்டையைக் கையால் தடவிவிட்டு, "இதை எவனோ ஆழமா வெட்டியிருக்கான்" என்றார். அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடப்பது இன்றும் என் வழக்கம். நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், நான் அளந்ததில்லை. சத்தம் கேட்டால் நின்று தரையைப் பாருங்கள், பழுப்புப் புள்ளிகளோடு பளபளவென்று விதை கிடக்கும்.