முன்னாள் கும்பல் தலைவரைப் பணியில் சேர்க்கலாமா?

கேள்வி: சிகாகோவின் மேற்குப் பகுதியில் இளைஞர் தொண்டு அமைப்பொன்றில் பணியாற்றுகிறேன். ஒரு காலத்தில் கறுப்பின இளைஞர் கும்பலை வழிநடத்தி, பதினெட்டு ஆண்டு சிறைவாசம் முடித்து வந்திருக்கும் ஒருவர் எங்களோடு சேர விரும்புகிறார். அவரை நம்பலாமா?

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் அவர் மனம் திருந்திவிட்டாரா என்று அளப்பதற்கு முன்னால், அவருடைய சொல் இன்று எந்தத் தெருவில் எடுபடும் என்பதை விசாரியுங்கள். முன்பு சிகாகோவின் பெரிய கும்பல்களுக்குக் கட்டுக்கோப்பான தலைமை இருந்தது. கேங்ஸ்டர் டிசைப்பிள்ஸ் தலைவர் லாரி ஹூவர் சிறையில் இருந்தபடியே தம் ஆட்களை நடத்தினார். 1990களில் மத்திய அரசின் வழக்குகளில் தலைவர்கள் நீண்ட தண்டனை பெற்றார்கள்; பிறகு அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் சிதறியதில் கும்பல்களும் தெருவுக்கொன்றாக உடைந்தன. ஒரு சச்சரவை "போதும், விடு" என்று முடித்துவைக்கும் அதிகாரமும் அதோடு போயிற்று. ஆகவே உங்கள் தெருவின் பதினேழு வயதுப் பையனுக்கு இவர் பெயரே தெரியாமலிருக்கலாம். அவன் மாமனுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாமன் வழியாகத்தான் இவர் பையனிடம் போக முடியும்.

பணப்பொறுப்பை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். 1967இல் சிகாகோவின் உட்லான் பகுதியில் கும்பல் இளைஞர்களுக்கு வேலைப்பயிற்சி அளிக்க மத்திய அரசு 9,27,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் மோசடி செய்ததாக பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் கும்பலின் தலைவர் ஜெஃப் ஃபோர்ட் 1972இல் தண்டிக்கப்பட்டார். இதைக் காட்டி "இவர்கள் மாறவே மாட்டார்கள்" என்பவர்களை நான் ஏற்பதில்லை. அதே காலத்தில் சிகாகோவின் லாண்டேல் பகுதியில் வைஸ் லார்ட்ஸ் கும்பலினர் அறக்கட்டளை உதவியோடு கடைகளும் ஓவியக்கூடமும் நடத்தினார்கள். 1992இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக் கும்பல்கள், ரால்ஃப் பன்ச் என்ற கறுப்பின ராஜதந்திரி முன்னின்று முடித்த 1949ஆம் ஆண்டு எகிப்து-இஸ்ரேல் போர்நிறுத்த உடன்படிக்கையை முன்மாதிரியாக வைத்துத் தங்களுக்குள் சமாதானம் எழுதிக்கொண்டன. வழிநடத்தத் தெரிந்தவருக்குப் பேசித் தீர்க்கவும் தெரியும்.

அவருக்குத் தர வேண்டிய வேலையும் அதுவே. 2000இல் மருத்துவர் கேரி ஸ்லட்கின் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் தொடங்கிய திட்டம் இத்தகையவர்களையே பழிவாங்கலைத் தடுக்கப் பயன்படுத்தியது. துப்பாக்கிச் சூடு நடந்த இரவில் மருத்துவமனைக்குப் போய், காயம்பட்டவனின் தம்பியைத் தனியாகக் காரில் உட்காரவைத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, விடியும்வரை பேசிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பணி. இதற்கு மாதச் சம்பளம் கொடுங்கள். போலீசுக்குத் துப்புச் சொல்லும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட நாளிலேயே தெருவில் அவர் மதிப்பு போய்விடும், உயிருக்கும் ஆபத்து.

இன்னொன்று அவசரமானது. சிறையிலிருந்து வந்தவர் கண்காணிப்புக் காலத்தில் கும்பல் உறுப்பினர்களோடு பழகக் கூடாது என்ற நிபந்தனை அவருக்கு இருக்கக்கூடும். நீங்கள் கொடுக்கும் வேலையே அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பிவிடாமலிருக்க, நியமனக் கடிதம் கொடுக்கும் முன்பே அவருடைய கண்காணிப்பு அதிகாரியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.