பழைய தார்: எந்த எஞ்சின், எந்த கியர்?
பழைய மஹிந்திரா தார் வாங்கும்போது எந்த எஞ்சின், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?

எஞ்சின் எத்தனை லிட்டர் என்பதை விட டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசைதான் முக்கியம். சேற்றில் அது எஞ்சினின் குறைந்த சுற்றிலேயே வேண்டும். 2020இல் வந்த தாரின் 2.2 லிட்டர் டீசல் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 300 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஃபோர்-லோ கியர், அதாவது நான்கு சக்கரங்களையும் மெதுவாக ஆனால் அதிக விசையோடு சுற்றவைக்கும் கியர், அதைப் பெருக்கும். ஜாக்கி போடுவது போலத்தான்: பல சுற்று சுற்றினால் வண்டி விரற்கடை உயரும், ஆனால் ஒரே ஆள் தூக்கிவிடலாம்.

மேனுவல் என்றால் மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த கிளட்ச் கிடையாது, விசை எண்ணெய் வழியாகப் போகிறது. பாறையில் அங்குலம் அங்குலமாக ஏற எனக்கு அதுவே பிடிக்கும்.

அப்புறம், 1.5 லிட்டர் டீசலும் 300தானே என்று ஏமாற வேண்டாம்: அதில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், ஃபோர்-லோ கிடையாது.