அமைதியான வீட்டுல வசனம் எங்கேர்ந்து வரும்?

கேள்வி: என் பையன் பெரிய நாடக ஆசிரியரா வரணும்னு ஆசைப்படறான். தனி ரூம், நல்ல ஸ்கூல், அமைதியான வீடுன்னு எல்லாம் செஞ்சு குடுத்திருக்கோம். வளர்ப்புல இன்னும் என்ன செய்யணும்? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: ஸ்கூலை விடுங்கம்மா, அந்த அமைதியான வீடுதான் எனக்கு உறுத்துது. பெரியவங்க சண்டை போடறது, கடன் கேக்கறது, பொய் சொல்லி மாட்டிக்கறது, பையன் உள்ள வந்ததும் பேச்சை மாத்தறது, இதெல்லாம் காதுல விழாம வளந்த பிள்ளைக்கு வசனம் எங்கேர்ந்து வரும்?

நம்ம நாடக ஆசிரியர் ரோனி கோவெண்டர் 1934ல டர்பன்ல இருக்கற கேட்டோ மேனர்ல பொறந்தவர். 1949 ஜனவரியில டர்பன்ல கறுப்பினத்தவங்களுக்கும் நம்ம இந்தியர்களுக்கும் நடுவுல கலவரம் நடந்தப்ப அவருக்கு 14 வயசு, பின்னாடி அதை வச்சே எழுதினார். அப்புறம் எந்த இனத்தவங்க எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து அந்த ஊரையே காலி பண்ணிட்டாங்க, வீடு வாசல் போச்சு, ஆனா அங்க கேட்ட பேச்சு அவர் காதுலயே இருந்துச்சு. அவரோட லானீஸ் பிளஷர் நாடகத்துல டர்பன் பக்கத்துல மவுண்ட் எட்ஜ்கோம்ப் பார்ல உக்காந்திருக்கறவங்க நம்ம ஜனங்க பேசற அதே இங்கிலீஷ்லதான் பேசறாங்க. அந்தப் பேச்சை மேடையேத்த அன்னிக்கு தைரியம் வேணும்.

இன்னொரு நாடக ஆசிரியர் கெஸ்ஸி கோவெண்டர் கொத்தனார் வேலை பாத்தவர். கட்டட சைட்டுல நம்மாளு ஒருத்தன் கறுப்பினத் தொழிலாளியை எப்படி நடத்தறான்னு கிட்ட இருந்து பாத்து, ஒர்க்கிங் கிளாஸ் ஹீரோன்னு நாடகம் போட்டு நம்ம மூஞ்சிக்கு நேராவே காட்டினார். வெள்ளைக்கார நாடக ஆசிரியர் அத்தோல் ஃபுகார்ட்? போர்ட் எலிசபெத்ல அவங்கம்மா நடத்தின டீ ரூம்ல திரிஞ்ச பையன். அங்க வேலை பாத்த கறுப்பினத்தவர் சாம்தான் அவருக்கு உயிர் சிநேகிதம், ஒருநாள் கோவத்துல அந்த சாம் மூஞ்சியிலயே துப்பிட்டார், அந்த வெக்கம் பல வருஷம் உள்ளேயே கெடந்து 1982ல ‘மாஸ்டர் ஹரால்ட்’ நாடகமா வெளிய வந்துச்சு. இதுல அமைதியான வீடு எங்க இருக்கு, சொல்லுங்க.

மேடை கெடைக்குமான்னு இப்பவே கவலைப்படாதீங்க. ரோனி 1964லயே ஷா தியேட்டர் அகாடமின்னு சொந்தமா குழு சேத்துக்கிட்டார்.

எனக்கு வயித்தெரிச்சல் வேற. சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு நம்ம தாத்தா பாட்டிங்க சொன்ன தெருக்கூத்து விடிய விடிய நடந்த ஒண்ணு. இப்போ கோயில் கமிட்டிக்காரங்க நேரமில்லைன்னு அதைச் சுருக்கிட்டு தலைவர், செயலாளர், பொருளாளர்னு வரிசையா ஸ்பீச் வைக்கறாங்க, அதுக்கு மட்டும் எப்படி நேரம் கெடைக்குதோ தெரியல. கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் ராஜாவையே கிண்டலடிச்சுட்டு சட்டுனு திரும்பி முன்வரிசையில உக்காந்திருக்கற பெரிய மனுஷனை இழுக்கறப்ப கூட்டமே சிரிக்கும், அந்த ஆளு மட்டும் வேட்டியச் சரிபண்ணிக்குவார். அதைத் தரையில உக்காந்து பாக்கற பையனுக்கு எந்த டிராமா கிளாஸும் அதுக்கு மேல சொல்லித்தந்துட முடியாது.

உங்க வீட்டுக்காரர் கோயில் கமிட்டியில இருந்தா, இந்த வருஷமாவது கூத்துக்கு முழு ராத்திரி குடுப்பீங்களான்னு கேளுங்க. குடுத்தா பையனைக் கூட்டிட்டுப் போங்க, மறுநாள் ஸ்கூலுக்கு லீவு போட்டாலும் பரவால்ல.