கனவைக் கேட்பார்கள், வரைபடத்தை நாம்தான் கேட்க வேண்டும்

கேள்வி: எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். 2046 வரைக்குமான திட்டமாம். எங்கள் தெருவில் தோண்டிப் போட்ட மழைநீர்க் கால்வாயையே முடிக்காதவர்களிடம் இருபது வருஷக் கனவைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: கனவை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் ஆகாது. நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பூங்கா, நடைபாதை, நல்ல தண்ணீர், நெரிசல் இல்லாத சாலை என்றுதான் சொல்வார்கள். அது கேட்பவர்களுக்கும் தெரியும். அதில் சண்டைக்கே இடமில்லை. உங்கள் ஏரிக்குப் பின்னால் இருக்கும் சர்வே எண்ணை வரைபடத்தில் என்னவாகக் காட்டியிருக்கிறார்கள், நீர்நிலையா, விவசாயமா, குடியிருப்பா? சண்டை அங்கேதான். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தை வெளியிட்டபின் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். கனவைக் கேட்கும் கருத்துக் கணிப்பை விட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டு மாதத்தைக் கோட்டை விடாதீர்கள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. பத்திரிகையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், 'விவசாய உபயோகப் பகுதி'யிலிருந்து 'ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதி'யாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். மாஸ்டர் பிளான் என்று ஊரைக் கூட்டி, வரைபடத்தில் ஒவ்வொரு உபயோகத்துக்கும் போட்ட நிறத்தை, பிறகு ஒவ்வொரு மனையாக இப்படித்தான் மாற்றிக்கொண்டு போகிறார்கள். நாமோ அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுகிறோம்.

முதல் மாஸ்டர் பிளான் 1976-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். நடுவில் 32 வருஷம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பியதில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான். திட்டம் தாமதமானது என்பதற்காகக் கட்டுபவர்கள் காத்துக்கொண்டா இருப்பார்கள்?

சரி, நிறைவேற்றும் கதைக்கு வருவோம். பிளான் போடுவது சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், சாலையும் மழைநீர்க் கால்வாயும் மாநகராட்சி, பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, குழாய் குடிநீர் வாரியம், கேபிள் மின்வாரியம். ஒருவர் மூடியதை இன்னொருவர் தோண்டுவதைத் தெருவில் நின்று பார்ப்பவர் நீங்கள் மட்டும்தான். அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டிய கவுன்சிலரே 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் கிடையாது, தேர்தலே நடத்தவில்லை. வார்டு கமிட்டி வேண்டும் என்று 1992-இல் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்கும், பகுதிவாசிகள் கூடிப் பேசும் ஏரியா சபாவுக்கும் விதிகள் வந்தது 2022-இல்!

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கையில் பணம் இருக்கிறது, எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால் கூட்டத்துக்கு ஆள் வரும். இங்கே பணத்தைப் பற்றிப் பேசாமல் யோசனை மட்டும் கேட்கிறார்கள். உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு நாற்காலி உண்டா? தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மாவுக்கு? ஆற்றோரத்திலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை அரசும் சரியாகக் கேட்கவில்லை, சொந்த வீட்டுக்காரர்களான நாமும் கேட்கவில்லை. 'மக்கள் கருத்து' என்ற பெயரில் பதிவாவது பல நேரம் கார் நிறுத்த இடமில்லாதவர்களின் குறைதான்.

அப்புறம் அந்தக் கால்வாய். அடுத்த ஏரியா சபாவுக்குப் போய், அதன் ஒப்பந்தத் தொகை எவ்வளவு, முடிக்க வேண்டிய தேதி எது என்று கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான்.