நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னும் குழந்தை இல்லையே என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்கிறார், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விளக்கம் சொல்வதை நிறுத்துங்கள். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் கேட்டால், "அதைப் பத்தி நான் பேசப்போறதில்லை அண்ணி" என்று ஒரே வரி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். எதிர்த்தால் வாயாடிப் பட்டம், பேசாவிட்டால் ராத்திரி முழுக்க அழுகை என்றீர்களே, இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழி இதுதான்.

டாக்டர் சொன்னது, மாத்திரை என்று நீங்கள் ஒப்பிப்பதுதான் அடுத்த கேள்விக்குத் தீனி போடுகிறது என்று நினைக்கிறேன். (எங்கள் வீட்டில் இதே கதை, சித்தி ரூபத்தில்!)

கணவர் பக்கத்தில் இருக்கும்போதும் நாத்தனார் கேட்கிறாரா, கவனியுங்கள். இல்லையென்றால் தெரிந்தேதான் செய்கிறார். அடுத்த முறை பேச வேண்டியவர் உங்கள் கணவர்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் இழிவுபடுத்தினால் ஒற்றை வரி போதாது. குழந்தையில்லை என்று அவமதிப்பதும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வருகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.