எடிட் செய்யாமல், கேமராவிலேயே சினிமா மாதிரி இருண்ட கலர் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் இதைக் கேட்கிற பலரும் முதலில் தேடுவது எந்த கலர் புரொஃபைல் (படத்தின் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் தீர்மானிக்க கேமராவிலேயே இருக்கும் செட்டிங்) போடலாம் என்பதைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் வெளிச்சம், அப்புறம் ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்வது), அப்புறம் எக்ஸ்போஷர் (படம் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாகப் பதிவாகிறது என்பது). இது மூன்றும் அமைந்துவிட்டால் பழைய கேனான் 1300டி-யிலும் அந்த கலர் வரும். அமையாவிட்டால் இரண்டு லட்ச ரூபாய் கேமராவில் எடுத்தாலும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் இருக்கும்.

சினிமா கலர் என்று எல்லோரும் சொல்கிற அந்த நீலமும் ஆரஞ்சும் பாதிக்கு மேல் ஒயிட் பேலன்ஸிலேயே கிடைத்துவிடும். சூரியன் இறங்கியதும் வானத்திலிருந்து வருகிற வெளிச்சம் 8000, 10000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, ஏற ஏற நீலம், இறங்க இறங்க ஆரஞ்சு) என்று ஏறிவிடும், டீக்கடையில் தொங்குகிற குண்டு பல்பு 2700 பக்கம்தான் இருக்கும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மனசை மாற்றிக்கொண்டு, இருக்கிற கலரையும் சப்பென்று ஆக்கிவிடும். நீங்களே 4000 அல்லது 4300 என்று பூட்டிவிடுங்கள். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் அந்த எண் இருப்பதால் வானமும் ஈரமான தார் ரோடும் நீலத்துக்குப் போகும், பல்புக்குக் கீழே நிற்கிறவர் முகம் ஆரஞ்சாக நிற்கும். 1300டி மாதிரி ஆரம்பநிலை கேனான்களில் கெல்வின் எண் போட வழி இருக்காது, அதில் ஒயிட் ஃப்ளோரசன்ட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அது ஏறக்குறைய 4000-தான்.

ஒரு சிக்கல், இப்போது நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் பளீரென்ற 6500 கெல்வின் எல்இடி. அதற்குக் கீழே நின்றால் இந்த செட்டிங்கில் ஆரஞ்சு வராது, அதனால் மஞ்சள் பல்பு எரிகிற கடையாகப் பார்த்து நில்லுங்கள். இன்னொன்று, வெளிநாட்டு யூடியூப்காரர்கள் கோடைகாலத்தில் சாவகாசமாகச் சுற்றிச் சுற்றி எடுக்கிற நீண்ட அந்தி நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்போஷருக்கு வருவோம். காட்சி இருட்டாக இருந்தால் கேமரா அதை வெளிச்சமாக்கத்தான் பார்க்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலையே அது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே ஏற்றி இறக்கும் செட்டிங்) மைனஸ் 2/3-இலிருந்து மைனஸ் 1 வரை இறக்குங்கள், பல்பைச் சுற்றி வெள்ளையாக வெடிக்காமல் இருந்தால் சரி. அதோடு கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ, எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நீங்கள் பாடுபட்டு இருட்டாக்கிய நிழலை இவை சத்தமில்லாமல் தூக்கிவிடும். ராத்திரியில் கேமரா ஸ்கிரீன் எப்போதும் கூடுதல் வெளிச்சமாகத்தான் தெரியும், அதை நம்பி இன்னும் இறக்கினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது வெறும் கறுப்புதான் இருக்கும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்.

இப்போது புரொஃபைல். நான் வைத்திருப்பது ஃபியூஜி எக்ஸ்-டி30, அதில் போடுவது எட்டர்னா என்ற புரொஃபைல். ஃபியூஜி 2013 வரை சினிமாவுக்காகத் தயாரித்த ஃபிலிமின் பெயர் அது, கலரும் கான்ட்ராஸ்ட்டும் அடங்கியே இருக்கும். அதை அப்படியே போட்டால் அந்த இருண்ட மூட் வராது, வெளிறித் தெரியும். அதனால் ஷேடோ +2 (நிழல் இன்னும் இருளும்), ஹைலைட் 0, கலர் +1, டைனமிக் ரேஞ்ச் டிஆர்200 வைக்கிறேன், பல்பின் வெளிச்சம் கொஞ்சம் பிழைக்கும். டிஆர்200 வைக்க இந்த மாடலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) குறைந்தது 320 இருக்க வேண்டும். சோனியில் கிரியேட்டிவ் லுக் (சோனியின் கலர் புரொஃபைல்கள்) இருக்கிற மாடல் என்றால் அதில் எஃப்எல் என்பதை முயன்று பாருங்கள். கேனானில் நியூட்ரல் என்ற புரொஃபைலை எடுத்து கான்ட்ராஸ்டை ஒரு படி ஏற்றி சாச்சுரேஷனை ஒரு படி இறக்கினால் போதும்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற ரெசிபிகளில் (இப்படிப்பட்ட செட்டிங் பட்டியல்களில்) எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பெரும்பாலானவை வெளுத்த தோலுக்காகப் போட்டவை. சிவப்பை இறக்கி, பச்சை கலந்த நீலத்துக்கு இழுத்து, மேலே அண்டர் எக்ஸ்போஸும் செய்தால், நம் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூசின மாதிரி உயிரில்லாமல் ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்டில் (ஒயிட் பேலன்ஸின் மேல் நிறத்தைக் கொஞ்சம் நகர்த்தும் செட்டிங்) சிவப்பை +2 ஏற்றிவிடுங்கள். பின்னணியில் நீலம் பெரிதாகக் குறையாது, முகத்தில் ரத்தம் திரும்பும். ஆளையும் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தாதீர்கள், பல்பு ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். கறுத்த தோலில் விழுகிற அந்தப் பக்கவாட்டு மினுமினுப்புக்கு எந்த ரெசிபியும் ஈடில்லை, இது என் சொந்தக் கருத்து.

லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற பிளாக் மிஸ்ட் ஃபில்டர் பற்றியும் கேட்பீர்கள். பல்பைச் சுற்றி லேசான புகை படர்ந்த மாதிரி வரும், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 1/8 அளவு வலிமை போதும். 1/4 போட்டால் தெருவிளக்கு எல்லாம் சாமி படத்து ஒளிவட்டம் ஆகிவிடுகிறது.

எப்போதும் ராவும் (சென்சார் பதிந்த மூலத் தரவு) ஜேபெக்கும் (கேமரா முடித்துத் தருகிற படம்) சேர்த்தே எடுங்கள். எடிட் செய்ய மாட்டேன் என்ற சபதத்தை மீறச் சொல்லவில்லை. ஃபியூஜியிலும் நிகானின் பல மாடல்களிலும் ரா ஃபைலை கேமராவுக்குள்ளேயே வேறு புரொஃபைல், வேறு ஒயிட் பேலன்ஸ் போட்டு மறுபடி ஜேபெக் ஆக்கலாம். ஒரே படத்தை 3800, 4300, 5000 என்று மாற்றி எடுத்துப் பாருங்கள், உங்கள் தெருவுக்கு எந்த எண் ஒத்துவருகிறது என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற நேரத்திலேயே தெரிந்துவிடும்.